மூன்றாம் பரப்பு

லைட்டரைப் பற்றவைத்து
ஜன்னலருகே பிடிக்கிறான் தாவெத்.
இரட்டைக் கண்ணாடி, நான்கு பரப்பு.
உள்ளே நான்கு சுடர் ஆடுகிறது.
மூன்று மஞ்சள்.
ஒன்று மட்டும் மாதுளை முத்தின் நிறம்.
அங்கேதான் பூச்சு:
அறையிலிருந்து எண்ணினால் இரண்டாவது,
தெருவிலிருந்து எண்ணினால் மூன்றாவது.
"சரியாகத்தான் மாட்டியிருக்கிறோம்."

உர்வே பதில் சொல்லவில்லை.
புகார் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது அவள்.

தார்த்து நகரத்தின் தென்கோடி.
சோவியத் காலத்துச் சிமென்ட் பலகைகளை
நிறுத்தி ஒட்டிய ஐந்து மாடி, அறுபது வீடு.
போன கோடை வரைக்கும்
ஜன்னல் இடுக்கில் பஞ்சும் பழைய செய்தித்தாளும்.
காற்று அதை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான்
உள்ளே வரும்.

இப்போது கண்ணாடியில் வெள்ளி.
ஒரு தலைமுடியை எட்டாயிரம் கீற்றாக வகிர்ந்தால்
அதில் ஒரு கீற்றின் கனம்.
மெட்டிக்கு ஆகாது, அடகுக்கு ஆகாது.
காற்றை உறிஞ்சியெடுத்த கூடத்தில்
அணு அணுவாய்ப் படியவைத்தது.
வெயிலை உள்ளே விடும்.
அறையின் சூடு
கிளம்புகிறேன் என்று எழுந்தால்
தோளில் கை வைத்து உட்கார்த்திவிடும்,
சாப்பிடாமல் அனுப்பாத வீட்டுக்காரி மாதிரி.

"சூடு நிற்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.
பேச்சும் நின்றுபோகிறதே" என்கிறாள் உர்வே.

மகள் கெர்து
நார்வேப் பக்கம் மீன்கப்பலில் சமைக்கிறாள்.
கரை தொடும் வெள்ளிக்கிழமை
இரவு ஒன்பதுக்குக் கூப்பிடுவாள்.
உர்வேயின் பொத்தான் போனில்
ஒரு கோடு எழும், படுத்துக்கொள்ளும்.
அடுப்புச் சூடும் போன் அலையும்
அந்த வெள்ளிக்கு ஒரே குலம்.
இரண்டையும் திருப்பி அனுப்பும்.

தாவெத்துக்கு வேறொரு கவலை.
ஐம்பத்தொன்பது வீட்டில் வெப்பச் செலவு பாதி.
இருபத்தேழாம் எண்ணில் மட்டும்
கணக்கு உதைக்கிறது.

எனவே ஒரு வெள்ளி இரவு,
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
வெப்பக் கேமராவோடு எதிர்ச் சாரியில் நிற்கிறான்.
அந்தக் கேமராவுக்குக் கண்ணாடியும் சுவர்தான்,
உள்ளே யார் அழுதாலும் தெரியாது.
கட்டடம் முழுக்க நல்ல நீலம்.
தன் கைவேலையைப் பார்த்து
கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்கிறான்.

ஒன்பது அடித்து மூன்று நிமிடம்.
நான்காம் மாடியில் ஒரு சதுரம் திறக்கிறது.

மஞ்சள். ஆரஞ்சு.
விளிம்பில் வழிந்து
மேல்வீட்டுச் சுவரை நக்குகிறது சூடு.
நடுவில் வெண்மையாய் ஒரு தலை,
காதோடு ஒட்டிய ஒரு கை.
மூக்கு நுனி மட்டும் சீக்கிரமே கருநீலம்.

எத்தனை டன், என்ன மீன்,
முழங்கையில் எண்ணெய் தெறித்த புண் ஆறியதா,
புது கேப்டன் உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறானா,
சத்தமாய்ச் சொல்லு, இன்னும் சத்தமாய்.

பதினேழு நிமிடம்.
எத்தனை நாள் சேமிப்பு போயிற்று என்று
கையுறையைக் கழற்றிக் கணக்குப் போட்டான்.
பாதியில் அழித்தான்.

படிவத்தில் குறை என்ற இடத்தில் "இல்லை."
காரணம் என்ற கட்டம்
சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது.
அவன் பாஷையில் உலோகம் வேறு சொல், கிழமை வேறு சொல்,
இரண்டும் அதற்குள் அடங்காது.
நம்மிடம் கேட்டிருந்தால்
ஒரே சொல்லைக் கொடுத்திருப்போம்.
அவன் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம் புதுப் புகார்,
முப்பத்தொன்றாம் எண்ணிலிருந்து:
யாரோ ராத்திரியில் உப்பு, மீன் என்று கத்துகிறார்கள்.
ஜன்னலை இறுக்க மூடியும் கேட்கிறது.
கண்ணாடியைச் சோதிக்கவும்.

லைட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.